மழை விட்ட பிறகு வந்த வெள்ளம்: சொந்தமாக ஒரு கற்றல் வலை பின்னுவதற்கான முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஏறியது நகரவில்லை. அங்கேயே குந்திக்கொண்டு ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்தது. கடலூரில் மழை ஓரளவு விட்டதும், தப்பித்தோம் என்று வாசலைக் கழுவிவிட்டுப் படுத்தோம். அதன் பிறகுதான் தென்பெண்ணை கரை மீறியது. பள்ளிக்கூடம் படிக்கும் என் மகள் கேட்டாள்: "மழைதான் நின்றுவிட்டதே அப்பா, இப்போது ஏன் வெள்ளம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அதுவன்று. என் செல்பேசியில் 'புயல்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. பல ஆண்டுகளாகச் சேமித்த காணொளிகளும் கட்டுரைகளும் படங்களும் நூற்றுக்கணக்கில் அதில் கிடந்தன. அரை மணி நேரம் துழாவினேன். அந்த ஒரு கேள்விக்கு அதில் விடை இல்லை. இருந்திருந்தாலும் என்னால் கண்டெடுத்திருக்க முடியாது.

எங்கள் கடற்கரையில் சுருக்குமடி வலையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் தகராறு நடக்கிறது. பெரிய மீன், குஞ்சு மீன் என்று பார்க்காமல் மொத்தக் கூட்டத்தையும் வளைத்துச் சுருக்கி அள்ளிவிடும் வலை அது. நான் இணையத்தில் செய்துகொண்டிருந்ததும் அதுதான். அன்றைக்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் ஒரு கணக்கர், பயண நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமை காலையையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடிந்த முறை இது. நீங்கள் தையல் கற்கலாம், பிரெஞ்சு கற்கலாம், முந்திரிச் சாகுபடி கற்கலாம், முறை ஒன்றுதான். என் எடுத்துக்காட்டுகள் மட்டும் புயலையும் வெள்ளத்தையும் சுற்றியே வரும்.

கல்வியாளர்கள் இதற்குத் 'தனிநபர் கற்றல் வலையமைப்பு' என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும், அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை, ஆட்களுக்கும் மூலங்களுக்கும் இடையிலான இணைப்புகளில் இருக்கிறது என்ற கருத்தை 2004, 2005 வாக்கில் முன்வைத்தார்கள். 2008-இல் அதையே பாடமாக்கி இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். கோட்பாட்டை இத்தோடு விடுகிறேன். இனி வேலை.

முதல் படி: தலைப்பை விட்டுக் கேள்வியைப் பிடியுங்கள்

'வானிலை' என்பது தலைப்பு. அதற்குக் கரை கிடையாது. எது வந்தாலும் பொருத்தமாகத்தான் தெரியும், எல்லாவற்றையும் சேமிப்பீர்கள். 'மழை நின்ற பிறகு கடலூருக்கு வெள்ளம் ஏன் வருகிறது?' என்பது கேள்வி. எதைச் சேமிக்கக் கூடாது என்பதை அது உடனே சொல்லிவிடும். அமெரிக்கச் சூறாவளிக் காணொளி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் என் கேள்விக்கு அது வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, மிஞ்சிப்போனால் இரண்டு. அதைத் தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது.

கேள்வி கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலை ஒரு சொற்பட்டியல் போடுவது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு துறையின் சொற்கள் தெரியாவிட்டால் சரியாகத் தேடவும் முடியாது, கிடைத்ததை எடைபோடவும் முடியாது. 'கனமழை' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வானிலைத் துறைக்கு அது அளவுள்ள சொல்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல்; அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் எனப் படிகள் உண்டு. இருபது சொற்கள் போதும். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவைத்தால் இரண்டு மொழியிலும் தேடலாம். தமிழில் மட்டும் தேடினால் செய்திகள் நிறையக் கிடைக்கும், விளக்கங்கள் குறைவாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: ஒரு முதுகெலும்பு

சிதறிய துணுக்குகளை மட்டும் படித்து எதையும் கற்க முடியாது. அவற்றைக் கோக்க ஒரு முதுகெலும்பு வேண்டும். ஒரே ஒரு பாடநூல் அல்லது பாடம். நான் எடுத்துக்கொண்டது பதினோராம் வகுப்புப் புவியியல் பாடநூல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐம்பதை நெருங்கும் ஆள் பஸ்ஸில் பதினோராம் வகுப்புப் புத்தகம் படித்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார், பார்க்கட்டும். இன்னும் ஆழம் வேண்டுமானால், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் நீரியல் பாடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு வேண்டிய மூன்று நான்கு வகுப்புகள் போதும்.

மூன்றாம் படி: மூன்று வளையம் ஆட்கள்

வலை என்றதும் செயலிகளைத்தான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் ஆட்கள். மூன்று வளையமாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வளையத்தில் மூலம். அளப்பவர்களும் பதிவு செய்பவர்களும். புயலுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை, அதன் சென்னை மண்டல மையம், கடலுக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம். இவர்களின் நடை வறண்டது. அந்த வறட்சிக்குப் பழகிக்கொள்ள வேண்டும். பரபரப்பான நடையில் எழுதுகிறவர்கள் பலரும் இந்த வறண்ட அறிக்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

இரண்டாம் வளையத்தில் விளக்குபவர்கள். தமிழில் வானிலையைப் பொறுமையாக விளக்கும் ஆர்வலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: தான் சொன்னது தப்பிப்போன நாளில் அந்த ஆள் என்ன செய்கிறார்? 'நேற்று சொன்னது நடக்கவில்லை, காரணம் இது' என்று எழுதுகிறவரை விடாதீர்கள். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழிக்கிறவரை, எத்தனை இலட்சம் பேர் பின்தொடர்ந்தாலும், விட்டுவிடுங்கள். அவரவர் செவிக்கு இனிக்கிற ஆளை மட்டும் சேர்ப்பதும் ஆபத்து. ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத இருவராவது இருக்கட்டும். அவர்கள் முரண்படும் இடத்தில்தான் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

மூன்றாம் வளையம் உள்ளூர். இணையத்தில் எழுதாதவர்கள். தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் திரட்டிய கட்டுரைகளை எல்லாம் கேட்டுவிட்டு, "முகத்துவாரத்தைப் பார்த்தாயா தம்பி?" என்று கேட்டார். கடல் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் உள்ளே போகாது, முட்டிக்கொண்டு பின்வாங்கும், ஊருக்குள் தேங்கும் என்றார். நான் படித்த எதிலும் அது இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். எந்தக் கூண்டுக்கு எந்தப் படகு திரும்பும் என்பதை அவர் சொன்னார். உங்கள் துறையிலும் இப்படி ஓர் ஆள் இருப்பார். தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

நூலகரும் இந்த வளையத்தில்தான் வருவார். புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய பொது நூலகம், இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருப்பது, என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம். இணையத்தில் கால் மணி நேரம் தேடிக் கிடைக்காததை நூலகரிடம் கேட்டுவிடுவது என் வழக்கம்.

மொத்தம் பதினைந்து பெயருக்கு மேல் போகாதீர்கள். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் பழையவர் ஒருவரை நீக்குங்கள்.

நான்காம் படி: வாய்க்காலை நீங்களே வெட்டுங்கள்

சமூக ஊடகங்களின் முகப்புப் பக்கம் நீங்கள் கற்க வேண்டும் என்று அமைக்கப்பட்டதன்று. நீங்கள் அங்கேயே கிடக்க வேண்டும் என்று அமைக்கப்பட்டது. யூடியூபில் முகப்பைத் திறக்காமல், நீங்கள் சந்தா செய்த அலைவரிசைகளுக்கான தனிப் பக்கத்தை மட்டும் திறக்கப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி வேலை.

மீதிப் பாதிக்கு ஆர்.எஸ்.எஸ். ஓடை. 1999-இல் வந்த பழைய நுட்பம். இன்னும் வேலை செய்கிறது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலியில் ஒரு தளத்தின் முகவரியை ஒட்டினால், அங்கே புதிதாக வருவதெல்லாம் வரிசையாக உங்களிடம் வந்துவிடும். யூடியூப் அலைவரிசையின் முகவரியையும் இப்படி ஒட்டலாம். யூடியூபின் பரிந்துரைகள் குறுக்கே வராது. வந்த வரிசையில் வரும், தீர்ந்ததும் தீர்ந்துவிடும். தீர்ந்துபோகிற ஒரு பட்டியலைப் பார்ப்பதில் இந்தக் காலத்தில் தனி நிம்மதி இருக்கிறது.

காலையில் வீட்டிலேயே ஓடையைத் திறந்து, தலைப்பு பார்த்து நான்கைந்தை மட்டும் தரவிறக்கிக்கொள்வேன். ரெட்டிச்சாவடி தாண்டியதும் படிக்கத் தொடங்கினால் அரியாங்குப்பம் வருவதற்குள் இரண்டு முடியும். முடியாததை மாலையில் படிப்பதில்லை. மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்குவேன்.

வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பு ஒலியை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இல்லை, ஒன்று இருக்கிறது, ஆறாம் படியில் வருகிறேன்.

ஐந்தாம் படி: சேமிக்கும்போது மூன்று வரி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன்.

எதைச் சேமித்தாலும், சேமிக்கும் அந்த நிமிடத்திலேயே உங்கள் சொந்தத் தமிழில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி: இது என்ன சொல்கிறது. இரண்டாம் வரி: யார் சொன்னது, எந்தத் தேதி. மூன்றாம் வரி: என் கேள்விக்கு இது எப்படி உதவும். மூன்றாம் வரியை எழுத முடியவில்லையா, சேமிக்காதீர்கள். கருணையே காட்டாதீர்கள். எனக்கு வரும் பத்தில் ஏழு இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

என் குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்:

'தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலில் சேர்கிறது. மூலம்: பாடநூலும் வரைபடமும். உதவி: நம் ஊர் மழையை மட்டும் பார்த்தது தவறு; மேலே எங்கே பெய்தது என்று பார்க்க வேண்டும்.'

இதற்கு அடுத்த குறிப்பில் விடை தானாக வந்து உட்கார்ந்தது. ஃபெஞ்சல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பி, வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அது எங்கள் ஊர் வந்து சேரும்போது எங்கள் மழை விட்டிருந்தது. மகளுக்கு நான் வரைபடத்தை விரித்து விரலால் ஆற்றைத் தொட்டுக் காட்டியபோது ஜனவரி ஆகிவிட்டது. அவளுக்கு அதற்குள் வேறு கேள்விகள் வந்திருந்தன என்பது வேறு கதை.

குறிப்பெழுத எந்தக் கருவி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நோட்டுப் புத்தகம் போதும். புதுச்சேரியில் 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, இறக்கும்வரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் கப்பல் வரவு, வியாபாரம், ஆளுநர் மாளிகைப் பேச்சு என்று தேதியிட்டு எழுதிவந்தார். அதனால்தான் இன்று அது சரித்திர ஆவணம். தேதியும் சொன்னவர் பெயரும் இல்லாத குறிப்பு, ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அந்நியமாகிவிடும்.

தொகுப்பது என்றால் என்ன என்று வெளியே போய்க் கற்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அடிக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள்: 4 முதல் 8 அடி என்றால் குறுந்தொகை, 9 முதல் 12 என்றால் நற்றிணை, 13 முதல் 31 என்றால் அகநானூறு. விதி அவ்வளவு எளியது. அதிலும் குறுந்தொகையின் 307, 391 ஆகிய பாடல்கள் 9 அடியோடு உள்ளே இருக்கின்றன. எந்த விதிக்கும் இரண்டு விலக்கு இருந்தால் குடிமுழுகிவிடாது. உங்கள் தொகுப்புக்கும் இப்படி ஓர் எளிய விதி வையுங்கள். என் விதி: தென்பெண்ணை, கெடிலம் ஆகிய இரண்டு ஆறுகளைத் தொடாத எதுவும் உள்ளே வராது. குறிப்புகளை வகை பிரிக்கும் குறிச்சொற்கள் ஐந்தாறு போதும். ஐம்பது குறிச்சொல் வைத்திருந்த காலத்தில் குறிச்சொல்லைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரையைக் கொடுத்து மூன்று வரியை வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வாங்கிக்கொள்ளலாம். நானும் சில வாரம் செய்தேன். குறிப்புகள் அழகாக இருந்தன; என் நினைவில் ஒன்றும் தங்கவில்லை. எனக்குப் புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கிக் கேட்க மட்டும் இப்போது அதைப் பயன்படுத்துகிறேன்.

ஆறாம் படி: கை நிற்கட்டும்

2015 மழையின்போது ஓர் ஏரி உடைந்துவிட்டது என்ற செய்தியை நானே பதினோரு பேருக்கு அனுப்பினேன். ஏரி உடையவில்லை. அதை நம்பி என் சித்தியின் குடும்பம் கைக்குழந்தையோடு நள்ளிரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. குழந்தைக்கு நான்கு நாள் காய்ச்சல். அந்தச் சித்தி இன்றும் என்னிடம் வானிலை கேட்பதில்லை.

மைக் கால்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கல்வியாளர் 2019-இல் நான்கு அசைவுகளை முன்வைத்தார். நம் பழக்கத்துக்கு ஏற்பச் சொன்னால்: முதலில் நில். சொன்னவர் யார் என்று பார். இதையே நம்பத்தக்க வேறு யாராவது சொல்கிறார்களா என்று தேடு. கடைசியாக, அந்தப் படமோ கூற்றோ முதன்முதலில் எங்கே வந்தது என்று பின்னால் போய்ப் பார்.

கடைசி அசைவுதான் புயல் காலத்தில் உயிர். ஒவ்வொரு புயலுக்கும் பழைய புயலின் காணொளி புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடினால் அது எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வந்தால், அது உங்களுக்கு அனுப்பியவர் நேரில் பார்த்த செய்தியாக இருக்க வாய்ப்பில்லை. 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்தத் தடை எதற்கு என்று ஒரு கணம் யோசித்தாலே போதும்.

ஏழாம் படி: ஞாயிறு கழிப்பு

வாரத்துக்கு ஒருமுறை, நாற்பது நிமிடம். அந்த வாரம் சேமித்தவற்றை வரிசையாகப் பாருங்கள். இன்னும் பயன்படுமென்று தோன்றினால் வைத்திருங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். பிறகு மிச்சமுள்ள குறிப்புகளை மூடிவைத்துவிட்டு, அந்த வாரம் கற்றதை ஒரு பத்தியாக எழுதுங்கள். பார்க்காமல் எழுத வேண்டும். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கே உங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். அடுத்த வாரம் படிக்க வேண்டியது அதுதான்.

எட்டாம் படி: கொடுக்கல் வாங்கல்

எடுத்துக்கொண்டே இருக்கிறவனுக்கு எந்த வலையும் நிலைக்காது. அந்த ஞாயிற்றுப் பத்தியை மாதம் ஒருமுறை தெருக்காரர்கள் சிலரோடு பகிர்கிறேன். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் மாதம் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர், மதகு எப்படித் திறக்கும் என்று நான் எழுதியதில் இருந்த பிழையைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். இப்போது அவர் என் முதல் வளையம்.

பகிரும்போது மூலத்தின் இணைப்பைக் கொடுங்கள். கோப்பை அப்படியே படியெடுத்து அனுப்பாதீர்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை அவர் நூலுக்குக் காப்புரிமை உண்டு. உரிமை முடிந்த நூல்கள் வேண்டுமானால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர் ஆறு, ஏரி பற்றிய கட்டுரையில் ஒரு வரியை மூலத்தோடு சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு வரிக்கு மூலம் தேடுவதற்குள் பத்துப் பக்கம் படித்திருப்பீர்கள்.

ஒன்பதாம் படி: நகல்

2013 ஜூலையில், ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டது. 2025 ஜூலையில், கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் பாக்கெட் செயலி மூடப்பட்டது. என் 'பிறகு படிக்க' எல்லாம் அதில்தான் இருந்தது. எந்தச் செயலியையும் சேர்த்துக்கொள்ளும் முன், உள்ளே போட்டதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். வானிலை அறிக்கைகள் அடுத்த அறிக்கை வந்ததும் பக்கத்திலிருந்து போய்விடும். முக்கியமான பக்கத்தின் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்தால் அன்றைய தேதியோடு அது நகலெடுத்து வைத்துக்கொள்ளும்.

என் பென்டிரைவோடு நோட்டுப் புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் உறையில், பரணில் இருக்கிறது. தென்பெண்ணைத் தண்ணீர் எங்கள் தெருவில் எந்த உயரம்வரை ஏறியது என்று அளந்து, அதற்கு இரண்டடி மேலே வைத்திருக்கிறேன்.